கட்டுச்சோற்றுக் கடற்கரை

மயிலாப்பூரிலிருந்தோ மாம்பலத்திலிருந்தோ ஒரு குடும்பம் கடலுக்குப் போய் ஒரு நாளைக் கழித்துவிட்டு வர, இரண்டு தலைமுறைக்கு முன்பு என்ன வேண்டியிருந்தது என்று பார்த்தால் கணக்கு மிகச் சிறியது. ஒரு தூக்குச்சட்டியில் புளியோதரை, இன்னொன்றில் தயிர்சாதம், இலையில் மடித்த வடுமாங்காய், கூஜாவில் தண்ணீர், விரிக்க ஒரு பழைய ஜமக்காளம், போக வர பஸ் காசு. கடலுக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. இன்று அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பேச ஆரம்பித்தால், முதல் கேள்வியே "எந்த ரிசார்ட்?" என்பதுதான். அடுத்தது, "தலைக்கு எவ்வளவு?" இந்த மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் விலைவாசி. எல்லாம் ஏறிவிட்டது, கடலும் ஏறிவிட்டது என்கிறார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சென்னைக்குத் தெற்கே உள்ள கடற்கரையின் வரலாற்றைத் துறை துறையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் வேறொன்று தெரிகிறது. கடலோர விடுமுறை மலிவாக இருந்த காலத்திலெல்லாம் மணலுக்குப் போகும் வழி பொதுவில் இருந்தது. அந்த வழி எங்கே தனியார் மதிலுக்குப் பின்னால் போனதோ அங்கே விலை ஏறியது. எங்கே பொதுவிலேயே நின்றதோ அங்கே இன்றும் ஏறவில்லை. அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடியதாகச் சைவர்கள் போற்றும் பூம்பாவைப் பதிகம், அந்த ஊரின் விழாக்களை மாத வரிசையில் சொல்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்று போகும் அந்த வரிசையில் மாசி மாதத்துக்கு வருவது கடலாடல். ஊரே இறைவனோடு கடற்கரைக்குப் போய் நீராடித் திரும்பும் நாள். ஆகவே கடலுக்குப் போவது இங்கே வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இன்றும் மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூடுகிறது. இந்தப் பயணங்களில் தங்குவது என்பது அபூர்வம். தங்க வேண்டியிருந்தால் சத்திரம், கோயில் மண்டபம், தர்கா வளாகம். கோவளத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடலை ஒட்டித் தமீம் அன்சாரி தர்கா, அருகிலேயே கார்மேல் மாதா கோயில், சற்றுத் தெற்கே திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள். மூன்று மதத்தாருக்கும் கடலோரத்தில் ஒரு நாள் கழிக்க ஒரு நேர்த்திக்கடன் காரணமாக இருந்தது. திருமணம் கூடிவர வேண்டி மாலையோடு திருவிடந்தையைச் சுற்றியவர்கள், அப்படியே கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். அதைச் சுற்றுலா என்று யாரும் சொல்லவில்லை என்பதால் அது விடுமுறை இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுச்சோற்றை வெறும் சிக்கனம் என்று பார்ப்பது பாதி உண்மைதான். மீனவர் குப்பத்தில் கை நனைக்கக் கூடாது என்ற சாதி ஆசாரமும் பல வீடுகளின் தூக்குச்சட்டிக்குள் இருந்தது. குப்பத்து மணலில் உட்கார்ந்து, குப்பத்துக் கட்டுமரத்தின் நிழலில் சாய்ந்து, குப்பத்துக் கிணற்றில் கால் கழுவிக்கொண்டு, அவர்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிய விருந்தாளிகள் இவர்கள். ஆகவே பழைய காலம் எல்லாருக்கும் இனிமையாக இருந்தது என்று நான் வாதாடவில்லை. அந்த விருந்துக்கு விலை வைக்காமல் இடம் கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். மணல், பட்டினவர் என்னும் அந்த மீனவர்களின் தொழிலிடம். வலை உலர்த்தவும், படகு ஏற்றவும், கருவாடு காயப்போடவும் அவர்கள் பொதுவாக வைத்திருந்த இடம். அதை அவர்கள் வேலி போட்டு அடைக்காததால்தான் நகரத்துக்காரனுக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

தெற்கே தொலைவாகப் போக விரும்பியவர்களுக்கு மாமல்லபுரம் இருந்தது. இன்று ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடும் அந்த ஊருக்கு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வசதியான வழி பக்கிங்ஹாம் கால்வாய். மாலையில் படகேறினால் இரவெல்லாம் மெதுவாகப் போய் விடியலில் மாமல்லபுரத்துக்கு மேற்கே இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் நடை. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையோரம் நடந்து கயிறு பிடித்து இழுக்கும் ஆட்கள். இந்தக் கால்வாயில் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி, அதாவது மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகப் போகும் பகுதி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டியது. அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டிய கைகளின் பெயர் எதுவும் எங்கும் இல்லை. விறகும் உப்பும் ஏற்றி வந்த அதே நீர்வழிதான் கடலோரக் கிராமத்துக்கு மக்களையும் ஏற்றிப் போனது. 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்களோடு கால்வாய்ப் போக்குவரத்து நின்றது. பிறகு சாக்கடை ஆனது. 1990-களில் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன. மயிலாப்பூர் ரயில் நிலையத்தில் நின்று கீழே பார்த்தால் கறுப்பாகத் தெரிவது, ஒரு காலத்தில் மாமல்லபுரத்துக்குப் போன சாலை.

கால்வாய்க்குப் பின் பேருந்து வந்தது. கல்கியின் "சிவகாமியின் சபதம்" 1944 முதல் வாரா வாரம் வெளிவந்தபோது மாமல்லபுரம் தமிழ் வாசகர் வீடுகளில் சொந்த ஊர் போல ஆகிவிட்டது. அந்தக் கதை ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் இருந்தபோது மனத்தில் உதித்ததாகக் கல்கியே எழுதியிருக்கிறார். கதையைப் படித்தவர்கள் ரதங்களைப் பார்க்கப் புறப்பட்டார்கள். செங்கல்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம் போய், உச்சி வேளையில் மலைமேல் கழுகுகளுக்கு அமுது படைப்பதைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் மாமல்லபுரம் சேர்ந்து, கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் கட்டுச்சோற்றைப் பிரிப்பது வழக்கமான ஒரு நாள் பயணம். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனுக்கும் அதுவே பாதை. இன்னொரு பாதை திருப்போரூர் வழி, இன்று ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை. கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு பாதைகளும் கடலை ஒட்டிப் போகவில்லை. சாலை உள்நாட்டில் இருந்தது. நீலாங்கரை முதல் மாமல்லபுரம் வரை இருந்த மீனவர் ஊர்கள் பெரும்பாலும் தங்கள் பாட்டுக்கு இருந்தன. கோவளம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும்தான் வெளியார் மணலில் இறங்கினார்கள். சவுக்குத் தோப்பும் தாழம்புதரும் மூடிக்கிடந்த அந்தக் கரைக்கு அப்போது சந்தை விலை என்று பெரிதாக எதுவும் இல்லை.

நகரத்துக்குள்ளேயே இருந்த கரையின் கதை வேறு. மெரினாவின் அகன்ற மணல் இயற்கை கொடுத்த அளவு அல்ல. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தடுப்புகள் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தென்பக்கம் குவிந்தது. வடபக்கம் ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. தென் சென்னைக்காரர்கள் இலவசமாக அனுபவிக்கும் மணலுக்கு வட சென்னை மீனவர்கள் வீடுகளைக் கொடுத்து விலை கட்டினார்கள் என்பது இந்த நகரம் அதிகம் பேசாத கணக்கு. குவிந்த மணலை ஒட்டி 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை போட்டார். அடையாற்றுக்குத் தெற்கே, ஊரூர் குப்பத்தை அடுத்த கரைக்கு, 19-ஆம் நூற்றாண்டில் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயர் வந்தது. வெள்ளைக்காரர்கள் கடலில் குளிக்கப் போன அமைதியான இடம் அது. அங்கே நிற்கும் வெண்ணிற நினைவுச்சின்னம், 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்ற முயன்று மூழ்கிப்போன டென்மார்க்காரர் ஷ்மிட்டுக்காக எழுப்பியது.

எலியட்ஸ் கடற்கரை எல்லாருக்கும் ஆன விதத்தில்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. 1970-களில் வீட்டு வசதி வாரியம் அங்கே பெசன்ட் நகரை உருவாக்கியது. 1972-இல் வேளாங்கண்ணி மாதா கோயில் வந்தது. 1976-இல் அஷ்டலட்சுமி கோயில். மனைகள் விற்கப்பட்டன, வீடுகள் எழுந்தன, இன்று அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். ஆனால் வாரியம் மனை போட்டபோது ஒன்றைச் செய்தது. கடைசி வரிசை வீட்டுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு பொதுத் தெருவை விட்டது. ஆறாவது அவென்யூ. எந்த வீட்டின் கொல்லைப்புறமும் கடலைத் தொடவில்லை. எல்லா வீட்டின் வாசலும் தெருவைப் பார்த்தது, தெரு மணலைப் பார்த்தது. அந்த ஒரு தெருவினால்தான் பெரம்பூரில் 29சி பஸ்ஸில் ஏறியவர் பெசன்ட் நகரில் இறங்கி, யாரையும் கேட்காமல், எந்தக் கதவையும் தட்டாமல் அலை வரைக்கும் நடக்க முடிகிறது. மாலையில் அங்கே நின்று பார்த்தால் புரியும். தேங்காய், மாங்காய் துருவிப் போட்ட பட்டாணிச் சுண்டலைக் கூம்புப் பொட்டலத்தில் அடைத்துக்கொண்டே ஒருவர் குரல் கொடுப்பார். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வேகும் எண்ணெய்ச் சட்டியின் மேல் கடற்காற்று மணலை வீசாதபடி ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தியிருப்பார்கள். சற்றுத் தள்ளி ஊரூர் குப்பத்துப் படகுகள். கோடீஸ்வரர் வீட்டு மாடியும் பலூன் சுடும் துப்பாக்கியும் ஒரே கடலைப் பார்க்கின்றன.

இதே 1970-களில், இதே கடலில், சற்றுத் தெற்கே வேறொரு வகைக் கரை பிறந்தது. 1974-இல் கோவளத்தில், பழைய கோட்டை இருந்த இடத்தில், தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் திறக்கப்பட்டது. மீனவனின் பெயரைத் தாங்கிய, மீனவன் தங்க முடியாத விடுதி. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. சகோதரர்கள் கோல்டன் பீச்சைத் தொடங்கினார்கள். ரேடியோவையும் மின்விசிறியையும் தவணை முறையில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தவர்கள் அவர்கள். கடலையும் அதே குடும்பங்களுக்கு நுழைவுச் சீட்டு விலையில் கொடுத்தார்கள். என்ன செய்தாலும் சிரிக்காத சிலைக் காவலாளியைச் சிரிக்க வைக்க முயலாத பிள்ளைகள் அந்தக் காலத்துச் சென்னையில் குறைவு. அந்த இடம் கொடுத்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடலுக்கு டிக்கெட் வாங்கிப் போகலாம் என்ற பழக்கம் சாதாரணக் குடும்பங்களிடம் இந்தக் கரையில்தான் ஊன்றியது. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் நண்பர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, கையில் காசில்லாத ஓவியர்கள் சேர்ந்து வாங்கும் அளவுக்கு நிலம் மலிவாக இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம் இந்த இரண்டு வகைக் கரைக்கும் நடுவில் நின்றது, அதனால்தான் அதன் ஏற்றமும் இறக்கமும் பாடம் சொல்கின்றன. 1970-களுக்குப் பிறகு முதுகுப்பையோடு வந்த வெளிநாட்டு இளைஞர்களுக்கு இந்தியாவில் மலிவான கடலோரக் கிராமங்களில் இது ஒன்றாகப் பெயர் பெற்றது. ஒத்தவாடைத் தெருவிலும் மீனவர் குடியிருப்பிலும் வீட்டுக்கு மேல் மாடி எடுத்து இரண்டு அறை கட்டினார்கள். கீழே வலை, மேலே விருந்தாளி. டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன். அந்த நாலு மாத வாடகை, மீன் பாடு குறைந்த மாதங்களுக்குக் கை கொடுத்தது. காலையில் கரையேறிய மீன் மாலையில் தெருவோர ஓட்டலில் வறுபட்டது. தெரு முழுக்கச் சிற்பிகளின் உளிச் சத்தம். அறை தருபவன் கரைக்குச் சொந்தக்காரனாகவும் இருந்ததால், அறைக்கு மட்டும்தான் வாடகை, கடலுக்கு இல்லை. இது ஒரு நல்ல ஏற்பாடு. நீடித்து நிற்கவில்லை. 1984-இல் உலக மரபுச் சின்னம் ஆன பிறகு கோயில்களைச் சுற்றி வேலியும் நுழைவுக் கட்டணமும் வந்தன. 2018 முதல் உள்நாட்டவருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். சின்னத்தைக் காக்க வேலி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோர ஓட்டல்களையும் படகுகளையும் அடித்துப் போனது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம், சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடை செய்து, அடுத்த 200 மீட்டரில் அனுமதி கேட்க வைத்தது. சின்னங்கள் ஊர் முழுக்க இருக்கும் மாமல்லபுரத்தில் இதன் பொருள், ஓரறை மாடி கட்ட நினைத்த மீனவனுக்குக் கதவு சாத்தப்பட்டது என்பதே. ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிய பெரிய விடுதிகளை அந்தச் சட்டம் தொடவேயில்லை.

பெரிய விடுதிகளைக் கொண்டுவந்தது ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலை. 1990-களில் வழக்குகளையும் எதிர்ப்புகளையும் தாண்டி அகலப்படுத்தப்பட்டு, 2002 முதல் சுங்கம் வசூலிக்கும் சாலையாக அது நிலைபெற்றது. கடலைப் பக்கத்தில் கொண்டுவரும் என்று சொல்லித்தான் அந்தச் சாலையைப் போட்டார்கள். காரில் போகிறவருக்கு அது கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் சாலைக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த நிலம் முழுவதும் பண்ணை வீடாக, விருந்தினர் மாளிகையாக, ரிசார்ட்டாக, திருமண அரங்காக மாறியபோது, பெசன்ட் நகரில் வாரியம் விட்டது போன்ற ஒரு தெருவை இங்கே யாரும் விடவில்லை. மனைகளின் கொல்லைப்புறம் நேரே மணலில் போய் முடிந்தது. நீலாங்கரை, அக்கரை, பனையூர், உத்தண்டி, கானத்தூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், சாலையிலிருந்து கடலுக்குப் போக எஞ்சியிருப்பவை இரண்டு மதில்களுக்கு நடுவே ஓடும் சந்துகள். அவற்றில் சிலவற்றின் முகப்பில் இரும்புக் கேட்டும், நாற்காலி போட்டு உட்கார்ந்த காவலாளியும் வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் சட்டம் வேறு சொன்னது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே, கடற்கரைக்குப் பொதுமக்கள் போக இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று எழுதி வைத்தது. 20 மீட்டர் என்றால் இரண்டு பஸ்கள் தாராளமாக எதிரெதிரே போகும் அகலம். ஈசிஆரில் கிழக்கே திரும்பும் சந்துகளில் அந்த அகலத்தைத் தேடிப் பாருங்கள்.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது பொருளாதாரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். நகரம் வளர்ந்தால் கடலோர நிலம் விலை ஏறத்தான் செய்யும், நிலம் ஏறினால் விடுமுறையும் ஏறும், இதில் மதிலைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். நிலவிலைதான் காரணம் என்றால் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு பொழுது கழிக்க உத்தண்டியைவிட அதிகம் செலவாக வேண்டும். பெசன்ட் நகரில் மனை விலை நகரத்தின் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே பஸ் காசும் சுண்டலும் போதும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு அந்தப் பஸ் காசும் வேண்டாம். நிலத்தின் விலை வீட்டுக்காரரைப் பாதிக்கிறது. கடலுக்கு வருகிறவரைப் பாதிப்பது வழி.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது. இலவசக் கடற்கரை என்றால் கூட்டம், கூட்டம் என்றால் குப்பை, சாவு. காணும் பொங்கல் மறுநாள் மெரினாவைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். காணும் பொங்கலன்று சுற்று வட்டாரத்திலிருந்து வரும் லட்சக்கணக்கானவர்கள் விட்டுப்போகும் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்களின் உழைப்பு நியாயமாகவே நம்மை வெட்கப்பட வைக்கும். ஆனால் அதே நாளில் அரசு ஒழுங்காக ஏற்பாடு செய்தால் என்ன முடியும் என்பதும் தெரிகிறது. கடலில் இறங்காதபடி தடுப்பு, கண்காணிப்புக் கோபுரம், தொலைந்துபோனால் கண்டுபிடிக்கக் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை. ஆண்டு முழுக்கக் கரையை நாறடிப்பது பொங்கல் கூட்டம் அல்ல, கூவத்திலும் அடையாற்றிலும் கலந்து கடலுக்கு வரும் சாக்கடை. மூழ்கிச் சாவதைப் பொறுத்தவரை, ஷ்மிட் நினைவுச்சின்னமே பதில் சொல்கிறது. கூட்டமே இல்லாத, சிலருக்கு மட்டுமான கரையாக எலியட்ஸ் இருந்த 1930-இல் அவர் மூழ்கினார். வங்கக் கடலின் இழுப்பு ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. அதற்குத் தேவை உயிர்காப்பாளர்கள், மதில் அல்ல.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதித்து யோசித்தேன். விடுதிகள் குப்பத்து இளைஞர்களுக்கு வேலை கொடுத்தன, நிலம் விற்றவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், நகரத்துக்காரன் சும்மா வந்து மணலில் சோறு தின்றுவிட்டுப் போனதால் மீனவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அது. நேர்மையான கேள்வி. பழைய கட்டுச்சோற்றுக் காலம் மீனவருக்கு ஒன்றும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை வேண்டுமானால் வழி போக வேண்டும் என்பது கட்டாயம் அல்ல என்பதற்குக் கோவளமே சான்று. அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே அலைச்சறுக்குப் பழகி, குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியை உருவாக்கினார். 2013 முதல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. கரை மீனவர் கையில் திறந்தபடி இருந்ததால்தான் அலை அவர்களுக்குத் தொழிலானது. மாமல்லபுரத்து மாடி அறைகளும் அதே கதைதான். குப்பத்துக்காரனுக்கு வருமானம் வந்த இரண்டு இடத்திலும் கடல் அடைக்கப்படவில்லை.

அரசாங்கம் எப்போதும் பொதுவழியின் பக்கம் நின்றது என்று சொன்னால் அது பொய். மெரினாவை அழகுபடுத்துவதற்காக 1985-இல் மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்றப் போய், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023-இல் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்ற பெண்களின் கடைகளை அகற்றியதும், பிறகு 2024-இல் அவர்களுக்கென்று மீன் அங்காடி திறந்ததும் அண்மைச் செய்திகள். அழகான கடற்கரை என்றால் மீனவர் இல்லாத கடற்கரை என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டும் இல்லை, நடைப்பயிற்சிக்குப் போகும் நம்மிடமும் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாகவே மேம்பாலச் சாலை போடும் யோசனை ஒருமுறை வந்தபோது, குப்பத்து மக்களும் பெசன்ட் நகர் குடியிருப்பவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்தச் சாலை வரவில்லை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து விழா தொடங்கியபோது, மயிலாப்பூர் சபாக்களுக்கு மட்டும் போனவர்களில் பலர் முதன்முறையாகக் குப்பத்துத் தெருவில் உட்கார்ந்தார்கள்.

தங்குவதற்குக் காசு இல்லாதவர்கள் கடலோரத்தில் தங்கவே முடியாது என்று நினைப்பவர்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரம் போய்ப் பார்க்க வேண்டும். சுற்று மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் பாத்திரம், அரிசி, விறகோடு வந்து இறங்குகின்றன. நாலு கம்பை நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினால் கூடாரம். இரவு முழுக்க நிலா வெளிச்சத்தில் பாட்டும் ஆட்டமும். விடியலில் மணலில் படி போல் மேடு அமைத்துப் பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள்; பெண் பார்க்கிறார்கள், நிச்சயம் செய்கிறார்கள், தாலியும் கட்டுகிறார்கள். ஆண்டு முழுவதும் அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் பிறருக்கு உழைக்கிறவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் விடுப்பு இது. ஏழாம் நூற்றாண்டில் மயிலைப் பதிகம் சொன்ன மாசிக் கடலாடலின் உயிருள்ள தொடர்ச்சியை நான் பார்ப்பது நட்சத்திர விடுதிகளின் கடல் பார்த்த பால்கனிகளில் இல்லை, அந்தப் புடவைக் கூடாரங்களில்தான். கடற்கரைக் கோயிலை அடுத்த அந்த மணல் இன்னும் யார் பெயரிலும் பட்டா ஆகாமல் இருப்பதால்தான் அவர்களால் வர முடிகிறது.

2021-இல் கோவளம் கடற்கரை புளூ ஃப்ளாக் என்ற சர்வதேசத் தூய்மைச் சான்றிதழ் பெற்றது. நல்லது. சுத்தமான கழிப்பறையும் நல்ல குடிநீரும் ஏழைக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் சான்றிதழைவிட முதலில் வேண்டியது வேறு. ஊரூர் குப்பத்து மீனவர்கள் தங்கள் வலை உலர்த்தும் இடத்தையும் படகுத் துறையையும் தாங்களே அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதைப் போல, நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு சந்து வழியையும் வருவாய்த்துறை அளந்து, அகலத்தைக் குறித்து, பொதுவழி என்று பலகை நட்டு, கடலோர மண்டல வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இரும்புக் கேட் உள்ள இடத்தில் அதைக் கழற்ற வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தி.நகரிலிருந்து மாமல்லபுரம் போகும் 599 பஸ்ஸில் ஏறி, வழியில் ஏதாவது ஒரு மீனவர் ஊரில் இறங்கி, கையில் கட்டுச்சோற்றோடு அந்தச் சந்துகளில் ஒன்றின் வழியாகக் கடல் வரை நடந்து போய் வாருங்கள். யாராவது நிறுத்தினால், இது பொதுவழி என்று சொல்லுங்கள். திரும்பும்போது குப்பத்தில் மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் ஒரு கூறு மீன் வாங்குங்கள்.